6174: எங்கே சுத்தினாலும் இங்கேதான் வந்து நிக்கணும்!

மொபைல்ல கால்குலேட்டரைத் திறங்க. நாலு இலக்க எண் ஒண்ணு எடுத்துக்கோங்க. 2222 மாதிரி நாலும் ஒரே இலக்கமா மட்டும் வேணாம். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசை எண்ணைக் கழிங்க. விடைக்கும் அதையே செய்யுங்க (999 வந்தா 0999-ன்னு வெச்சுக்கோங்க).

2004-ல பிறந்தவரா? 4200 - 0024 = 4176. அடுத்து, 7641 - 1467 = 6174. மறுபடி கழிச்சாலும் அதே 6174தான்! எந்த எண்ணா இருந்தாலும் 7 முறைக்குள்ள இங்கே வந்து நின்னுடும்.

1949-ல் இதைக் கண்டுபிடிச்சவர், நாசிக் பக்கத்துல தேவ்லாலியில் பள்ளி ஆசிரியரா இருந்த கப்ரேகர். முதுகலைப் பட்டம்கூட இல்லாதவர். நம்மூர் கணித மேதைகள் பலர் சிரிச்சாங்க. 1975-ல் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதின பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போ கப்ரேகருக்கு 70 வயசு!

அவர் பிறந்த வருஷம் 1905. அதையும் போட்டுப் பாருங்க. முழுசா 7 முறை சுத்தவிட்டுத்தான் 6174-ஐக் கண்ணுல காட்டும்.