கொத்மலை வானொலியும் இணையவழிக் கல்விச் சமூகமும்

இணையவழிக் கற்பித்தல் பெருந்தொற்றுக் காலத்திலே தோன்றியதொரு முறை என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆயின், கண்டிக்குத் தெற்கே, கம்பளையை அடுத்த மலைப்பகுதியிலே, அதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்னரே இணையத்தின் துணைகொண்டு ஒரு கற்கும் சமூகத்தை உருவாக்கும் முயற்சி நடைபெற்றது. கொத்மலைச் சமூக வானொலியின் இணையத் திட்டமே அதுவாகும்.

இவ்வானொலியின் தோற்றம் மகாவலி அபிவிருத்தியோடு தொடர்புடையது. நீர்த்தேக்கங்களால் இடம்பெயர்ந்த மக்களுக்கும் புதுக்குடியேற்றவாசிகளுக்கும் பயன்படும் நோக்குடன், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு 1981இல் மகாவலிச் சமூக வானொலியைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1989இல் கொத்மலை நிலையம் அமைந்தது. கிராமத்தவர் கேட்போராக மட்டுமன்றி, நிகழ்ச்சிகளை ஆக்குவோராகவும் பங்குகொண்டமை இதன் சிறப்பியல்பாகும்.

இலங்கையில் வணிக அடிப்படையிலான இணையச் சேவை 1995இல் ஆரம்பமாயிற்று. எனினும், கணினியின் விலையும் ஆங்கில மொழியும் கிராம மக்களுக்குத் தடைகளாக நின்றன. இத்தடைகளைக் கடக்கும் வழியாக, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் கொத்மலை நிலையத்துக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. கேட்போர் தமது வினாக்களை நிலையத்துக்கு அனுப்புவர். ஒலிபரப்பாளர் அவற்றுக்குரிய தகவல்களை இணையத்திலே தேடி எடுப்பர். உடல்நலம் பற்றிய வினாவாயின் வைத்தியரும், சட்டம் பற்றியதாயின் சட்டத்தரணியும் கலையகத்திலே உடனிருந்து, கிடைத்த செய்தியை மக்கள் மொழியில் விளக்குவர். அத்துடன், கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகர்களின் பொதுநூலகங்களிலும் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. தொண்டர்களாக வந்த இளைஞர்கள் நிலையத்திலேயே கணினிப் பயிற்சி பெற்றனர்.

இம்முறையை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஒருவரின் வினா ஊராரின் வினாவாகியது; அதற்குரிய விடையும் பலர் கூடி ஆக்கியதாயிற்று. கணினியைத் தொட்டறியாதவரும் இதனாற் கற்போர் வட்டத்துள் இடம்பெற்றனர். இணையம் இங்கு கருவி மட்டுமே. சமூகத்தை உருவாக்கியவர்கள் வினாவுக்கும் விடைக்கும் இடையே நின்ற மனிதர்களேயாவர்.

எனினும், இம்முயற்சிக்கும் எல்லைகள் இருந்தன. நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை சிங்களத்திலேயே அமைந்தன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் காதுகளை அலைவரிசை எட்டியபோதிலும், அவர்தம் வினாக்கள் அதே அளவிற்கு எட்டின எனக் கூறுதற்கில்லை. மொழியாலே திறக்கப்பட்ட கதவு, மொழியாலேயே சிலருக்கு மூடப்படலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வரலாறு 2020ஆம் ஆண்டின் அனுபவத்தை விளங்கிக்கொள்ளவும் உதவுகின்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, பேராதனையை மையமாகக் கொண்டு இயங்கும் 'லேர்ண்' கல்வி வலையமைப்பின் வழியாக விரிவுரைகள் தொடரப்பட்டன. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களைக் கட்டணமின்றி அணுக இடமளித்தன. இவை பாராட்டத்தக்க ஏற்பாடுகளே. ஆயினும், அலைத்தொடர்பு குன்றிய மலைச்சரிவுகளில் வாழ்ந்த மாணவருக்குக் கட்டணச் சலுகை மட்டும் போதுமானதாகவில்லை. விரிவுரை திரையிற் கிடைத்தபோதிலும், விளங்காத இடத்தை அருகிலிருப்போரிடம் கேட்டுத் தெளியும் நூலகத் தாழ்வாரமும் விடுதி அறையும் கிடைக்கவில்லை.

ஆகவே, இணையவழிக் கல்வியைத் திட்டமிடுவோர் இணைப்பின் வேகத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. மாணவர் சிறு குழுக்களாகக் கூடிக் கற்கும் வாய்ப்பு, அண்மையிலுள்ள பொதுநூலகத்தின் பயன்பாடு, தாய்மொழியில் ஐயந்தீர்க்கும் வழிகாட்டி என்பனவும் பாடத்திட்டத்தின் பகுதிகளாதல் வேண்டும். கொத்மலை முயற்சியின் பயனையும் குறையையும் ஒருசேரக் கருத்திற்கொண்டு இவற்றை அமைக்குமிடத்து, தோட்டத்து வீட்டிலிருந்து எழும் வினாவும் வகுப்பின் வினாவாக ஏற்கப்படும்.