மின்வெட்டுக் காலத்தின் கணினி மீட்பு

2012இல் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களைப் போலவே புதுக்கோட்டையையும் நீண்ட மின்வெட்டு வாட்டியபோது, யூபிஎஸ் பேட்டரி வலுவிழந்த மேசைக் கணினிகள் பாதி வேலையில் அணைந்துபோகும் நிலையில் இருந்தன. அன்று பரவலாகப் புழங்கியது 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம். அதன் அமைப்புகள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டுக் கோப்புகளில் எழுதப்படுவதால், எழுதும் தறுவாயில் மின்சாரம் நின்றால் ‘சிஸ்டம்’ என்னும் ஒரே கோப்பு சிதைந்து, கணினி கருந்திரையில் பிழைச்செய்தியோடு நின்றுவிடும்.

வன்தட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது எளிது என்றாலும், அது ஆவணங்களைப் பலிகொள்ளும் வழி. பொறுமை வாய்ந்த பழுதுநீக்குநர் நிறுவல் குறுந்தட்டிலிருந்து கணினியை இயக்கி, ‘ஆர்’ விசையை அழுத்தி, ரெக்கவரி கன்சோல் எனப்படும் கட்டளைத் திரைக்குள் நுழைந்து, ‘ரிப்பேர்’ கோப்புறையில் நிறுவலின்போதே சேமிக்கப்பட்ட நகலைச் சிதைந்த கோப்பின் இடத்தில் வைப்பார். அந்நகல் பின்னர் சேர்த்த மென்பொருள்களை அறியாது. ஆகவே சிஸ்டம் ரீஸ்டோர் சேமித்துவைத்த அண்மைய பதிவைத் தேடியெடுத்து மீண்டும் மாற்றுவதே இத்தொழிலின் நுட்பமான, உண்மையிலேயே மதிக்கத்தக்க பகுதி.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதி மாணவர்களுக்கு வேறொரு வழியையும் திறந்தது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன், இந்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றதால், முன்னது சிதைந்தாலும் பின்னதன் வழியே நுழைந்து கோப்புகளைப் பென்டிரைவுக்கு நகலெடுக்க முடிந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 7இலோ ஸ்டார்ட்டப் ரிப்பேர் என்னும் வசதி கணினி மீட்பு வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்தது.