ஐந்தும் பதினைந்தும்

அல்லாஹ்வின் அருளால் நம் சங்கம் பொன்விழாக் காண்கிறது. இந்த வேளையில், பெரியவர்கள் மாலை நேர மதரஸாவை ஏன் விடாமல் நடத்தினார்கள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, அரசு உதவி பெறும் பள்ளியில் முஸ்லிம் மாணவர் 15 பேர் இருந்தால் வாரத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் மார்க்கக் கல்வி தரவேண்டும். தேசியப் பள்ளிகளில் அது தானாக நடந்தது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழ்ப்பள்ளிகளிலோ நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 15க்கு எங்கே போவது?

ஆகவே பெற்றோர் பலர் தேசியப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே மார்க்கம் கிடைத்தது, தமிழ் போனது. தமிழ் கற்பிக்க 15 மாணவர்களின் பெற்றோர் கேட்கவேண்டும். கேட்டுக் கிடைத்தாலும் வகுப்பு பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகுதான். அந்த நேரத்தில் பிள்ளை சமயப் பள்ளிக்கோ காஃபா வகுப்புக்கோ போகவேண்டும். அங்கே பாடம் மலாயில், எழுத்து ஜாவியில். கடைக்கு வந்தபின் அத்தா தமிழில் எழுதிய பற்று வரவுப் புத்தகத்தை வாசிக்கத் திணறியவர்கள் எங்களிலேயே உண்டு.

மக்ரிபுக்குப் பின் மதரஸாவில் ஹஜ்ரத் குர்ஆன் ஓதக் கற்றுத் தந்து, தமிழில் விளக்கமும் சொன்னார். எங்களில் பலருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தமிழ் வகுப்பு.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு மார்க்கக் கல்விக்கான எண்ணை 5 ஆக்கியது. பள்ளி நேரத்திலேயே அதை நடத்தலாம். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய வாசல். அடுத்த பிரிவையும் படித்துப் பார்க்கவேண்டும். அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் பிற சமயங்களைக் கற்பிக்க வாரியம் ஏற்பாடு செய்யலாம், ஆனால் அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம் கிடையாது. பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளை பள்ளியில் நன்னெறிக் கல்வி படிக்கிறது, தேவாரத்துக்குக் கோயிலைத்தான் நம்பியிருக்கிறது. நமக்குள்ள வசதி அவர்களுக்கு இல்லை என்பதை மறக்கக்கூடாது.

தேசியப் பள்ளியில் தமிழுக்கான எண் மட்டும் இன்னும் 15தான். சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் இந்துப் பெற்றோருடன் சேர்ந்து கையொப்பம் திரட்டினோம். 12 பிள்ளைகள் வரை வந்தது. 3 குறைந்தது. இவ்வாண்டு மறுபடியும் வீடு வீடாகப் போகிறோம்.