சுகர் இருந்தா காலையில் இட்லி சாப்பிடலாமா? தட்டில் என்ன, எவ்வளவு இருக்கணும்? முழு விளக்கம்

'உங்களுக்கு சுகர் இருக்கு' என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையிலேயே வீட்டில் எழும் முதல் கேள்வி, 'இனிமே இட்லி, தோசை சாப்பிடக் கூடாதா?' என்பதுதான். அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் பகுதி மக்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். காரணம், நாட்டிலேயே சர்க்கரை நோய் அதிகம் உள்ள இடங்களின் பட்டியலில் புதுச்சேரி 2-வது இடத்தில் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னை டாக்டர் மோகன் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஜூன் மாதம் வெளியானது. 20 வயதைத் தாண்டியவர்களில் புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பது அதில் தெரியவந்தது. அதாவது, நாலு பேரில் ஒருத்தருக்கு மேல். முதலிடத்தில் உள்ள கோவாவில் 26.4 சதவீதம். பக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

சரி, இட்லியை விட்டுடணுமா? வேண்டாம். ஆனால் எண்ணிக்கையையும், கூட வைத்துக்கொள்வதையும் மாற்றியே ஆகணும்.

காலையில் மட்டும் சுகர் ஏன் எகிறுது?

ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனாலும் காலையில் பார்த்தால் சுகர் அதிகம் என்று பலர் குழம்புவார்கள். விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் உடம்பில் அதிகமாகச் சுரக்கும். அவை கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் இன்சுலினின் வேலையும் கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

இப்படி ஏற்கெனவே ஏறி நிற்கும் நேரத்தில்தான் காலை டிபன் உள்ளே போகிறது. அதுவும் முழுக்க மாவுச்சத்தாக இருந்தால், சுகர் இன்னும் வேகமாக ஏறும்.

இட்லியில் என்ன பிரச்னை?

இட்லியில் எண்ணெய் இல்லை, ஆவியில் வேகுது, எளிதில் செரிக்குது. காய்ச்சல் வந்தவருக்கு நல்லது என்று சொல்வதும் அதனால்தான். ஆனால், எளிதில் செரிக்கும் மாவுச்சத்து ரத்தத்தில் வேகமாகச் சேரும். பெரும்பாலான வீடுகளில் 3 அல்லது 4 பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான் போடுகிறார்கள். மாவு புளித்தாலும் அரிசியின் மாவுச்சத்து பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும்.

5 இட்லி, தேங்காய்ச் சட்னி, தண்ணியாக ஒரு கரண்டி சாம்பார் என்று சாப்பிட்டால் தட்டில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் அரிசிதான். ரவை உப்புமா, இடியாப்பம், பூரி, பிரெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்போ கேழ்வரகு, கம்புக்கு மாறிட்டா போதுமா?

நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கேழ்வரகில் சுமார் 67 கிராம். நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆக, கேழ்வரகு நல்லதுதான். ஆனால் அதுவும் தானியம்தான். 'சிறுதானியம்தானே' என்று ரெண்டு சொம்பு கூழ் குடித்தால் சுகர் ஏறத்தான் செய்யும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் அதே ஆய்வுத் தொடரில் 2025-ல் வெளியான முடிவும் இதைத்தான் சொல்கிறது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருட்களின் புரதத்தை வைத்தால் ஆபத்து குறைவதாக அந்த ஆய்வு கூறுகிறது.

தட்டில் என்னென்ன வைக்கலாம்?

தட்டை மனசுக்குள் நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி காய், கீரை. கால் பங்கு புரதம். மீதி கால் பங்குதான் இட்லி, தோசை, சப்பாத்தி. உதாரணத்துக்குச் சில:

• 2 இட்லி + ஒரு கிண்ணம் காய் நிறைந்த, பருப்பு கெட்டியான சாம்பார் + ஒரு அவித்த முட்டை

• பச்சைப்பயறு தோசை 2 + தக்காளி அல்லது புதினா சட்னி. அரிசி சேர்க்காமல் அரைத்தால் இன்னும் நல்லது

• பருப்பு கூடுதலாகவும் அரிசி குறைவாகவும் போட்டு, முருங்கைக்கீரை சேர்த்த அடை ஒன்று அல்லது இரண்டு

• ஒரு கிண்ணம் கருப்புக் கொண்டைக்கடலை சுண்டல் + வெள்ளரி, தக்காளி + ஒரு டம்ளர் மோர்

• 2 இட்லி + மீன் குழம்பு. வீராம்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் முந்தின நாள் மீன் குழம்புக்கு இட்லி தொட்டுச் சாப்பிடுவது புதுசு இல்லை. குழம்போடு நிறுத்தாமல் மீன் துண்டையும் சாப்பிடணும். குழம்பை ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள்

பழைய சோறு பிடிக்கும் என்பவர்கள் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு, கூடவே முட்டையோ சுண்டலோ வைத்துக்கொள்ளலாம். சோறு ஆறும்போது மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். அதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது.

ஒரு கவனம்: சிறுநீரக பாதிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எதை முதலில் சாப்பிடணும்?

அதே சாப்பாட்டை எந்த வரிசையில் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்தில் ஏறிய சுகர் சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. அதனால் முட்டை, சுண்டல், காயை முதலில் முடித்துவிட்டு இட்லிக்கு வாங்க. சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பதும் உதவும்.

டீயையும் கணக்கில் சேருங்க

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கடையில் ஒரு டீ, ரெண்டு பிஸ்கட் அல்லது ஒரு பன் என்று முடித்துவிட்டு, 10 மணிக்குத்தான் டிபன் சாப்பிடுகிறார்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். ரெண்டு தேக்கரண்டி போட்ட டீயோடு பன்னும் சேரும்போது அதுவே ஒரு டிபன் கணக்கு. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டாலும் சுகர் ஏறும். டீ சர்க்கரை இல்லாமல் இருக்கட்டும். பன்னுக்குப் பதில் முந்தின நாளே ஊறவைத்த சுண்டலோ, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியோ எடுத்துப் போகலாம்.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டியது

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே 5 இட்லியை 2 ஆக்கிவிடக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. சாப்பாடு மட்டும் குறைந்தால் சுகர் 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள்.

அப்படி வந்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கணும். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்கணும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் முதலில் சொல்லி, மருந்தைச் சரிசெய்த பிறகே டிபனை மாற்றுங்கள். மருந்தைப் போட்டுவிட்டு டிபனைத் தவிர்ப்பதும் ஆபத்துதான்.

உங்களுக்கு எது ஒத்துப்போகுது? நீங்களே கண்டுபிடிக்கலாம்

ஒரே டிபனுக்கு ரெண்டு பேரின் சுகர் ஒரே மாதிரி ஏறாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன் ஒரு முறையும், முதல் வாய் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு முறையும் பாருங்கள். ஒரு நாள் வழக்கமான டிபன், இன்னொரு நாள் மாற்றிய டிபன் என்று நோட்டில் எழுதி வைத்தால் வித்தியாசம் புரியும். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பிறகு 180-க்குக் கீழே என்பது அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லும் இலக்கு. வயதானவர்கள், கர்ப்பிணிகளுக்கு இது மாறும்.

மீட்டர் இல்லாதவர்கள் அரியாங்குப்பம் உள்ளிட்ட அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதித்துக்கொள்ளலாம். 30 வயதைத் தாண்டிவிட்டால், எந்தத் தொந்தரவும் இல்லை என்றாலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை இட்லி என்று எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அது டாக்டருக்கு உதவும்.