சொல்லமைப்பு வழிச் சொற்பயிற்சி

சொல்லமைப்பு வழிச் சொற்பயிற்சி என்பது, ஒரு சொல்லை முன்னொட்டு, வேர்ச்சொல், பின்னொட்டு எனப் பிரித்தறிந்து அதன் பொருளை உய்த்துணரப் பழக்கும் மொழி கற்பித்தல் முறையாகும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயிலும் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இது பெரிதும் ஏற்றது. தமிழ்நாட்டின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ஒட்டுகள், கூட்டுச் சொற்கள், கலப்புச் சொற்கள், குறுக்கச் சொற்கள் ஆகியன இடம்பெறுகின்றன.

தமிழ் இலக்கணத்துடன் ஒப்பீடு

தமிழ் மாணவர்களுக்கு இம்முறை புதிதன்று. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பகுபத உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என வகுத்துள்ளது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை ஆகிய பகுதிகளை அறிந்த மாணவர், 'பேட்டை' என முடியும் வேறொரு பெயரைக் கேட்டவுடன் அஃது ஊர்ப்பெயர் என உணர்வார். இவ்வறிவே ஆங்கில வகுப்பிலும் துணைசெய்கிறது.

எனினும் தமிழில் உறுப்புகள் பெரிதும் சொல்லின் இறுதியிலேயே சேர்கின்றன. ஆகவே பின்னொட்டை எளிதில் பற்றிக்கொள்ளும் மாணவர், முன்னொட்டில் தடுமாறுவதுண்டு. 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டு 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என அடுத்த ஒலிக்கேற்பத் திரிவதை, 'மரம்' என்பது 'மரங்கள்' ஆவதோடு ஒப்பிட்டு விளக்கலாம்.

சொற்குடும்பம்

பாவர், நேசன் ஆகியோர் 1993 இல் ஆங்கில ஒட்டுகளை ஏழு படிநிலைகளாக வரிசைப்படுத்தினர். 2000 இல் காக்சுஹெட் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் 570 சொற்குடும்பங்களைக் கொண்டது.

இடர்கள்

எல்லாச் சொற்களும் பிரிபடா. 'அங்கிள்' என்பதன் முதலிரு எழுத்துகள் எதிர்மறை முன்னொட்டைப் போலவே எழுதப்படினும் அது பகாப்பதமே. 'இன்ஃப்ளேமபிள்' என்பதைத் 'தீப்பற்றாதது' எனக் கொள்வது ஆபத்தானது. இங்குள்ள 'இன்' எதிர்மறையன்று. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டும் எளிதில் தீப்பற்றுவதையே குறிக்கும். எரிபொருள் வண்டிகளில் எழுதப்படும் சொல்லாதலால் இதனைத் தனியே கற்பிக்க வேண்டும். செவிலியர் கல்விக்குச் செல்வோர்க்கு 'ஹைப்போ' (குறைவு), 'ஹைப்பர்' (மிகை) ஆகியவற்றின் வேறுபாடும் இத்தகையதே. குருதியில் சர்க்கரை குறைந்தவருக்கும் மிகுந்தவருக்கும் அளிக்கும் மருத்துவம் நேரெதிரானது.

குறுக்கச் சொற்களில் பிரிப்பு பயன்படுவதில்லை. 'ஆம்னிபஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'அனைவருக்கும்' என்பது பொருள். அதில் 'அனைத்து' என்னும் பொருள்தரும் முற்பகுதி நீங்கி, வேற்றுமை உருபின் எச்சமான 'பஸ்' மட்டும் நிலைத்தது. நீங்கிய பகுதியோ தமிழ்நாட்டில் தனியார் தொலைதூரப் பேருந்துகளின் பெயரில் 'ஆம்னி பஸ்' என இன்றும் வழங்குகிறது.