31 டாலர் 61 சென்ட்

1899. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரம். அங்கே ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகம் கைமாறுகிறது. கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடன் 400 டாலர். ஒழுங்காகச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் 1,080 பேர். புத்தகத்தை வாங்கிக்கொண்டவர் மேகி லீனா வாக்கர் என்ற கறுப்பினப் பெண். சம்பளம் மாதம் 8 டாலர். அதே பொறுப்பில் முன்பு இருந்த ஆணுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

காப்பீட்டுத் துறையில் பெண்கள் முன்னுக்கு வந்த கதைன்னு தேடினால், ஒரு பெரிய கம்பெனியில் கீழ்நிலையில் சேர்ந்து படிப்படியாக மேலே போனவர்கள் பற்றித்தான் அதிகம் கிடைக்கும். வாக்கரின் கதை அந்த ரகம் இல்லை. அவர் ஏறிப்போக அங்கே படியே கிடையாது. கம்பெனிகள் அவரை ஊழியராகச் சேர்ப்பது இருக்கட்டும், அவருடைய மக்களைச் சரிசமமான வாடிக்கையாளராகக்கூட ஏற்கவில்லை.

1881-இல் நியூவர்க் நகரத்து புருடென்ஷியல் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. கறுப்பினத்தவர் கட்ட வேண்டிய பிரீமியம் வெள்ளையர் கட்டுகிற அதே அளவு, ஆனால் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர்களிடையே இறப்பு விகிதம் அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். 1896-இல் அதே கம்பெனியின் புள்ளியியலாளர் பிரெடெரிக் ஹாஃப்மன், அந்த விகிதத்துக்குக் காரணம் இனத்தின் இயல்புதான், வாழும் நிலைமை அல்ல என்று ஒரு புத்தகமே போட்டார். வறுமை, நெரிசலான வீடு, மருத்துவம் கிடைக்காத நிலை, இதெல்லாம் அவர் கணக்கில் எடுபடவில்லை. அடுத்த ஆண்டே டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் அந்த வாதத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

அப்படியானால் சாவுச் செலவுக்கும் நோய்ச் செலவுக்கும் மக்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள்ளேயே சங்கம் வைத்துக்கொண்டார்கள். மாதாமாதம் சின்னத் தொகை கட்டணும். படுத்துவிட்டால் உதவிப் பணம் வரும், இறந்தால் அடக்கச் செலவுக்கு ஒரு தொகை வரும். வாக்கர் பொறுப்பேற்ற 'இண்டிபெண்டன்ட் ஆர்டர் ஆஃப் செயின்ட் லூக்' அப்படிப்பட்ட ஒன்று. 1867-இல் பால்டிமோரில் மேரி பிரவுட் என்ற கறுப்பினப் பெண் ஆரம்பித்தது.

வாக்கரின் அம்மா துணி வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். வெள்ளையர் வீடுகளிலிருந்து அழுக்குத் துணி வாங்கி வருவதும், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சிறுமி மேகியின் வேலை. 14 வயதுவாக்கில் சங்கத்தில் சேர்ந்தார். படித்து ஆசிரியை ஆனார். 1886-இல் கல்யாணம் ஆனதும் வேலை போயிற்று. மணமான பெண் பள்ளியில் பாடம் நடத்தக்கூடாது என்பது அன்றைய விதி. சங்க வேலையை மட்டும் விடவில்லை.

பொறுப்புக்கு வந்தபின் அவர் யோசித்தது இப்படி: சலவைக்காரியும் சமையல்காரியும் கட்டும் காசை வெளியார் வங்கியில் ஏன் போட்டுவைக்கணும்? அந்தப் பணம் நம்மவர்களுக்குள்ளேயே சுற்றினால் என்ன? 1901-இல் சங்கத்தின் மாநாட்டில் பத்திரிகை வேண்டும், வங்கி வேண்டும், தொழிற்சாலை வேண்டும் என்று பேசினார். அடுத்த ஆண்டே 'செயின்ட் லூக் ஹெரால்ட்' பத்திரிகை வந்தது. 1903 நவம்பர் 2-இல் 'செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க்' திறந்தது. வாக்கர்தான் தலைவர். அமெரிக்காவில் வங்கி தொடங்கித் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

என்னை நிற்கவைத்தது அந்த 'முதல்' பட்டம் இல்லை. சங்க அலுவலகத்தில் கணக்கெழுதவும் தட்டச்சு செய்யவும் யாரை வைத்தார் என்பதுதான். அன்றைய ரிச்மண்டில் கறுப்பினப் பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைத்த வேலை வீட்டுவேலை, சலவை, இல்லையென்றால் புகையிலை ஆலை. அலுவலக நாற்காலி அவர்களுக்கு எட்டாதது. செயின்ட் லூக் அந்த நாற்காலியைக் கொடுத்தது. சந்தா கட்டியவர்களிலும் பெண்கள் நிறைய, கணக்கெழுதியவர்களும் பெண்கள். அம்மா துணி வெளுத்துக் கட்டிய சந்தாவை மகள் பேரேட்டில் பதிகிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய மாற்றம், இல்லையா?

எல்லாம் ஜெயித்ததுன்னு சொல்ல முடியாது. 1905-இல் பிராட் வீதியில் சங்கம் ஒரு துணிக்கடை திறந்தது, கறுப்பினப் பெண்களை விற்பனையாளர்களாக வைத்து. வெள்ளை வணிகர்கள் ஒன்றுசேர்ந்து நெருக்கினார்கள். கடைக்குச் சரக்கு வரும் வழியை அடைக்கப் பார்த்தார்கள். சொந்த மக்களிலும் போதுமான பேர் வந்து வாங்கவில்லை. சில ஆண்டுகளில் கடையை மூடவேண்டி வந்தது.

சங்கம் தாக்குப்பிடித்தது. 1924-இல் உறுப்பினர்கள் 50,000-க்கு மேல், கிளைகள் 1,500. ஹாஃப்மனின் புத்தகப்படி காப்பீட்டுக்கே லாயக்கில்லாத மக்களின் காசு அது. பெருமந்த காலத்தில், 1930-இல், வங்கி இன்னொரு கறுப்பின வங்கியோடு இணைந்து நின்றது. இணைந்த வங்கியின் இயக்குநர் குழுவுக்கும் வாக்கரே தலைவர். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். 1934-இல் இறந்தார்.

ஒருவர் எவ்வளவு உயரம் போனார் என்று பார்ப்பது ஒரு கணக்கு. அவர் போனபின் எத்தனை பேருக்கு நாற்காலி மிஞ்சியது என்பது இன்னொரு கணக்கு. வாக்கரை இரண்டாவது கணக்கில் வைத்துப் பார்க்கணும்னு எனக்குத் தோன்றுகிறது.

2017-இல் ரிச்மண்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அது நிற்பதும் அதே பிராட் வீதியில்தான்.