சமவெளியின் காலையுணவு

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டையும் ஹைதர் அலியும் பூட்டும் நினைவுக்கு வருவது வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நானும் அவற்றையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்று மலையைவிட்டு இறங்கி, அதைச் சூழ்ந்த சமவெளியில் வாழும் மக்கள் காலையில் எதை உண்டு வந்தார்கள், அது எவ்வாறு மாறியது என்பதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இதுவும் ஒரு சரித்திரமா என்று மாணவர்கள் கேட்கலாம். வீட்டுக்கு ஒருவராவது நீரிழிவுக்கு மருந்து உண்ணும் இந்நாளில், இதைவிட அவசியமான சரித்திரம் வேறு அதிகமில்லை என்பது என் எண்ணம்.

1985 வரை மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இப்பகுதி, பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. நிலக்கோட்டைப் பக்கம் பெரியாற்று நீர் பாய்ந்தது. வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கங்களில் கிணறும் மழையுமே கதி. ஆகவே சோளம், கம்பு, சாமை, வரகு ஆகியவை இங்கே விளைந்தன. விளைந்ததையே மக்கள் உண்டனர். நான் சிறுவனாக இருந்த 1960களில், எங்கள் தெருவில் பொழுது புலர்வதற்கு முன்பே உலக்கைச் சத்தம் கேட்கும். கம்பை உரலிலிட்டு நீர் தெளித்து இடித்து, உமி போகப் புடைத்து, மீண்டும் இடித்துச் சோறாக்குவார்கள். அதை உருண்டை பிடித்து நீரில் போட்டு வைத்து, மறுநாள் காலையில் மோர்விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடிப்பதுதான் ஆகாரம். ஆண்கள் அதற்கு முன்பே கமலை பூட்டி இரண்டு மணி நேரம் இறைத்துவிட்டு வந்திருப்பார்கள். இட்லியும் தோசையும் தீபாவளிக்கு உரியவை. நெல்லுச்சோறு என்று தனியாகப் பெயர் சொல்லும் அளவுக்கு அரிசி அருமையாக இருந்தது.

அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் கூற வரவில்லை. கூழ் குடித்தவன் விரும்பிக் குடித்தானா, வேறு இல்லாமல் குடித்தானா என்பதை அவனைத்தான் கேட்க வேண்டும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தின் கதைகளை என் பாட்டனார் தம் பெரியோரிடம் கேட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அத்தகைய மண்ணில், 2008இல் ஒரு கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையில்லாமலும் நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது சிறிய வெற்றியன்று. பசி நீங்கியது. ஆனால் அதே காலத்தில் கமலை போய் மின்சார மோட்டார் வந்தது. உலக்கை போய் ஆலை வந்தது. நடை போய் இருசக்கர வண்டி வந்தது. தட்டில் மாவுப்பொருள் கூடியது; அதை எரிக்கும் உழைப்பு குறைந்தது.

நீரிழிவு நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. சரகரும் சுசுருதரும் சிறுநீர் தேன்போல் இனிக்கும் இந்நோயை மதுமேகம் என்று குறித்தனர். உணவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஐரோப்பாவில் ஒரு போர் எடுத்துக் காட்டியது. 1870இல் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது நகரத்தில் உணவு அருகியது. பூஷார்தா என்ற மருத்துவர் தம்மிடம் வந்த நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்துவிட்டதைக் கண்டார். ஊரே வருந்திய வேளையில் அவர்கள் தேறினர்! 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்தனர். அறுபது ஆண்டுகள் கழித்து, 1981இல், அதே நகரில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒவ்வோர் உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயரமாக ஏற்றுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். குளுகோஸுக்கு 100 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவது அம்முறை. இதற்குக் கிளைசெமிக் குறியீடு என்று பெயர். நம் பொன்னி அரிசிச் சோற்றைச் சென்னையில் இம்முறைப்படி சோதித்தபோது அது 70ஐத் தாண்டி, உயர்ந்த வகையிலேயே அடங்கியது.

இனி இட்லிக்கு வருவோம். அது எளிதில் செரிக்கும் என்று நாம் பெருமை கொள்கிறோம். அந்தப் பெருமையே நீரிழிவு உள்ளவருக்குச் சிக்கல். தீட்டிய அரிசியை நைய அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்தால், அதிலுள்ள மாவுப்பொருள் குடலில் விரைந்து சர்க்கரையாகிறது. உளுந்தின் புரதம் அதை ஓரளவு தடுக்கிறது. ஆயினும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சேரும் உளுந்து எவ்வளவு தடுக்கும்? மேலும், விடியற்காலையில் சுரக்கும் சில ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிவிடச் செய்கின்றன. இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகின்றன. ஆகவே நாளின் பிற வேளைகளைவிடக் காலை வேளையில் சர்க்கரை ஏறுவது பலருக்கு அதிகம். என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர், மதியச் சோற்றை முற்றும் விட்டுவிட்டுக் காலையில் ஆறு இட்லியை மட்டும் விடாதிருந்தார். அவருடைய இரண்டு கால்விரல்களை எடுக்க நேர்ந்தது. இட்லியே அதற்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. புண்ணைக் கவனியாததும் சேர்ந்தது. எனினும் அவர் எந்த வேளையைக் காக்க வேண்டுமோ அதைக் காக்கவில்லை.

ஆலை அரிசியை எதிர்த்த குரல் இப்பக்கத்தில் முன்பே எழுந்ததுண்டு. காந்தியடிகள் 1934இல் நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். கடைசி ஆண்டுகளை மதுரைக்கு அப்பால் தே. கல்லுப்பட்டியில் கழித்து 1960இல் மறைந்தார். தவிட்டோடு சத்தும், உலக்கையோடு வேலையும் போகிறதே என்பது அவர் கவலை. இரத்தச் சர்க்கரை அவர் வாதத்தின் மையமன்று; ஆயினும் அவர் காக்க நினைத்த தவிடுதான் மாவுப்பொருள் செரிக்கும் வேகத்தைத் தணிப்பது. சென்னையிலே டாக்டர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். பிற்பாடு, தானியம் உண்டு பழகிய நம் மக்களுக்கு மேனாட்டார் பத்தியம் பொருந்தாது என்று கண்டு, நார்ச்சத்து மிகுந்த தானிய உணவை அவர் வகுத்தளித்தார்.

அப்படியானால் கம்புக்குத் திரும்பினால் போதுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் தெரிவித்தது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வெளியானது, நம் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தே வருவதாகக் கூறுகிறது. தீட்டிய அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்து, அளவைக் குறைக்காவிட்டால், பயனில்லை என்றும் அது காட்டுகிறது. மாவுப்பொருளில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதத்தைச் சேர்ப்பதே பலன் தருவதாம். எங்கள் ஊர்க் கம்பஞ்சோற்றில் இரண்டாய் மூன்றாய் உடைந்த குருணை இருந்தது. இன்று சாலையோர வண்டிகளில் விற்கும் கூழோ நைய அரைத்த மாவில் காய்ச்சியது. அது தொண்டையில் இறங்கும் வேகத்திலேயே சர்க்கரையும் ஏறுகிறது. கமலை இறைத்துவிட்டு வந்து யாரும் அதைக் குடிப்பதில்லை.

எனக்கு நீரிழிவு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விரலில் ஊசி குத்திப் பார்க்கும் சிறு கருவி வீட்டில் உண்டு. வெறும் சட்னியோடு நாலு இட்லி உண்டு இரண்டு மணி நேரம் சென்று பார்த்தால் அது 200ஐத் தாண்டுகிறது. இரண்டு இட்லியும், கெட்டியான பருப்புச் சாம்பாரும், ஒரு கிண்ணம் வேகவைத்த தட்டைப்பயறும் உண்டு, பேகம்பூர்ப் பக்கம் அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்தால் தாண்டுவதில்லை. இது என் உடம்பின் கணக்கு; பிறர் தம் மருத்துவரைக் கேட்டே கணக்கிட வேண்டும். முக்கியமாக, மருந்து உண்டுவிட்டுப் பட்டினி கிடப்பது ஆபத்து. தட்டைப்பயறு எங்கள் மானாவாரிக் காட்டில் கம்புக்கும் சோளத்துக்கும் ஊடே விதைத்த பயிர்தான். அன்று மடியில் கட்டிக்கொண்டு வந்து பச்சையாகத் தின்போம். இப்போது திண்டுக்கல் கடைத்தெருவில் எடைபோட்டு வாங்குகிறேன்.